புதிய பதிப்பை ஏற்குங் காலம்

நூல்களோடு பழகிய நமக்குப் பதிப்பு என்னுஞ் சொல் புதிதன்று. ஏட்டுச்சுவடியினின்று அச்சேறும் நூல் முதற் பதிப்பிற் சில பிழைகளோடு வெளிவரும். பதிப்பாசிரியர் பிழைதிருத்தம் ஒன்றை இறுதியிற் சேர்ப்பர். இரண்டாம் பதிப்பில் அப்பிழைகள் நீங்கும். சிலபோது புதியன புகுதலும் உண்டு. எவ்வாறாயினும் முதற் பதிப்பை வாங்கியவனுக்கு வரும் இழப்புச் சிறிது; பிழையைப் பென்சிலால் திருத்திக்கொண்டு அவன் மேலே படிப்பான். கணினியில் வழங்கும் மென்பொருள்களுக்கும் இவ்வாறே பதிப்புகள் உண்டு. ஆனால் அவற்றுள் தரவுத்தளம் எனப்படும் ஒருவகை மென்பொருளிற் பிழை நேரின், அது பதிப்பித்தோர் நூலோடு நின்றுவிடுவதில்லை. நாம் எழுதிவைத்த ஏட்டினுட் புகுந்து நம் எழுத்தையே கெடுக்கவும் வல்லது. ஆகலின், நாள்தோறும் அலுவல் நடக்கும் ஓரிடத்தில் அம்மென்பொருளின் புதிய பதிப்பை எப்பொழுது ஏற்பது என்னும் வினா எளிதாகத் தள்ளத்தக்கதன்று.

தரவுத்தளமாவது யாது? கல்லூரியின் மதிப்பெண்கள், மருத்துவமனையின் நோயாளர் குறிப்புகள், வங்கியின் வரவு செலவு, சபையின் ஞானஸ்நானப் பதிவுகள் ஆகிய இவற்றை வரிவரியாகக் காத்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதும், பலர் ஒரே காலத்தில் எழுதினும் ஒருவர் எழுத்தை மற்றவர் எழுத்து அழியாவண்ணம் பார்த்துக்கொள்வதும் அதன் தொழில். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவன் இப்பொருளை எடுத்துக்கொண்டது யாதுபற்றி என வினவுவார் உளராயின், என் மாமா கூறக் கேட்ட ஒரு நிகழ்ச்சியே காரணம் என்பேன்.

அவர் ஓர் அறநிலையத்திற் பதிவேடுகளை மேற்பார்க்கிறவர். அதன் பெயர் ஈண்டு வேண்டா. 2020-ஆம் ஆண்டிற் பெருந்தொற்றுப் பரவிய நாட்களில் அந்நிலையத்தார் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் வழங்கிவந்தனர். குடும்பங்கள் பதினாயிரத்திற்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றும் ஊர்ப்பெயராலும் கதவிலக்கத்தாலும் பதியப்பெற்றிருந்தது. ஒரு நாள் முதியவள் ஒருத்தி நிலையத்தின் முத்திரை பொறித்த அட்டையோடு வந்தாள். எழுத்தர் அவளது கதவிலக்கத்தைத் தட்டிப் பார்த்தார். அப்படி ஒரு வீடே பதிவில் இல்லை என்றது யந்திரம். பட்டியலில் இல்லாதார்க்கு அளத்தல் விதியன்று. அவள் வெறுங்கையோடு திரும்பினாள். மறுவாரம் அண்டை வீட்டாரைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு மீண்டும் வந்தாள். அன்றிருந்த எழுத்தர் இரக்கமுடையவர். அவளைப் புதிதாகப் பதிந்து அரிசி கொடுத்தனுப்பினார். ஓரிலக்கத்திற்கு இரண்டு பதிவு வருமாயின் ஏற்கலாகாது என யந்திரத்திற்குக் கட்டளை இட்டிருந்தும், அது வாய்திறவாமல் இரண்டாம் பதிவை ஏற்றுக்கொண்டது. பின்னர் மாதக்கணக்கைக் கூட்டியபோதுதான் அவள் பெயர் இரண்டிடத்திற் கண்டது. முதற் பதிவு அழிந்திருக்கவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. அதனைத் தேடிக் காணும் வழிதான் கெட்டிருந்தது.

இது நேர்ந்தவாற்றைத் தமிழ் மாணாக்கர்க்கு விளக்குதல் எளிது. பெரிய பதிவேட்டில் ஒரு பெயரைத் தேடும் யந்திரம் முதல் வரி தொடங்கிக் கடை வரி காறும் படிப்பதில்லை. நாம் அகராதியைப் புரட்டுமாறு போல, வரிசைப்படுத்திய ஓர் அடைவை நடுவில் திறந்து, வேண்டுவது முன்னோ பின்னோ என நோக்கி, அப்பக்கமே செல்லும். இனி, அன்பு என்னுஞ் சொல்லை அகராதியில் எங்கே தேடுவோம்? நம் நெடுங்கணக்கில் னகரம் மெய்களுள் இறுதியானது. ஆகவே அகரச் சொற்களின் கடைசிப் பகுதியில் தேடுவோம். ஆனால் கணினிகள் எழுத்துக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்திற்கு முன்னே வைக்கப்பட்டுள்ளது. றகரம் ரகரத்தை அடுத்து நிற்கிறது. அவ்வெண் வரிசையையே கற்ற ஒருவன் நம் அகராதியைத் திறந்து, அந்தி என்பதற்குப் பின்னும் அப்பம் என்பதற்கு முன்னும் அன்பைத் தேடுவானாயின், அங்கே காணாமல், இவ்வகராதியில் அன்பு இல்லை என்று மூடிவைப்பான். அகராதியிலும் குற்றமில்லை, அவன் கண்ணிலும் குற்றமில்லை. அடுக்கிய முறை ஒன்று, தேடிய முறை வேறொன்று.

அறநிலையத்தில் நடந்ததும் இதுவே. அவர்கள் தரவுத்தளத்தின் பதிப்பை மாற்றியிருக்கவில்லை. ஓடுகிறதைத் தொடலாகாது எனப் பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு, அதன் கீழே நிற்கும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை மாத்திரம் புதுப்பித்தனர். லினக்ஸில் எழுத்துக்களின் வரிசையை வரையறுக்கும் ஜி-லிப்ஸி என்னும் நூலகத்தின் 2.28-ஆம் பதிப்பு 2018 ஆகஸ்டில் வெளிவந்தது; 2019-இல் வந்த டெபியன் 10 அதனை உடன்கொண்டு வந்தது. அப்பதிப்பில் வரிசை விதிகள் பரக்க மாறின. முன்னைய விதியில் இணைப்புக் கோட்டை முதற்கண் கருதாமல் எண்களை மாத்திரம் ஒப்பிடுவர். ஆகவே 12-4 என்னுங் கதவிலக்கம் 123 என்பதற்குப் பின்னே நிற்கும். புதிய விதியில் கோடும் ஓரெழுத்தே. எண்களுக்கு முன்னே நிற்பது. ஆகவே 12-4 என்பது 123-க்கு முன்னே வரவேண்டும். அடைவு பழைய விதிப்படி அடுக்கியது. தேடியது புதிய விதிப்படி. முதியவள் வீட்டின் கதவிலக்கத்தில் ஒரு கோடு இருந்தது. போஸ்ட்கிரெஸ் என்னுந் தரவுத்தளத்தை வைத்திருந்தோர் பலர் உலகில் அக்காலத்து இவ்விடர்ப்பட்டனர். அடைவுகளைப் புதிதாக அடுக்குவித்தலே பரிகாரம் என அதனை ஆக்கியோரும் எச்சரித்திருந்தனர். எங்கள் மாமா அவ்வெச்சரிப்பைப் படித்தது அரிசிக் கணக்குப் பிசகிய பின்னரே.

போஸ்ட்கிரெஸ் என்றேன். அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு மேலே செல்வோம். 1986-இல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்கிலிக் கிளையில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்னும் பேராசிரியரின் ஆராய்ச்சியாகத் தொடங்கி, 1996-இல் இப்போதுள்ள பெயரைப் பெற்று, விலையின்றி வழங்கப்படுவது அது. அதற்கு இருவகைப் பதிப்புகள் உண்டு. ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பு வரும். அதில் புதிய ஆற்றல்கள் சேரும். ஏட்டின் உள்ளமைப்பும் மாறலாம். மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் சிறுபதிப்பு வரும். அதில் திருத்தமன்றிப் புதுமை கிடையாது. 17 என்பது பெரும்பதிப்பின் எண்; 17.2 என்பது அதன் இரண்டாஞ் சிறுபதிப்பு. பெரும்பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுகள் திருத்தம் வழங்குவர், அதன்பின் கைவிடுவர். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து, புதியது நன்றா பழையது நன்றா என வாதிடுவோர் வினாவையே பிழைபட வைக்கின்றனர் என்பது என் துணிபு.

சிறுபதிப்பை விரைந்து ஏற்றல் வேண்டும். 2013 ஏப்ரல் 4-ஆம் நாள் வெளிவந்த சிறுபதிப்புகளின் வரலாறு இதற்குச் சான்று. சர்வரோடு தொடர்புகொள்ளும் ஒருவன், தான் வேண்டும் தரவுத்தளத்தின் பெயரை இணைப்புக் கோட்டோடு தொடங்கி எழுதுவானாயின், உள்ளே நுழைய உரிமை பெறாமலே கோப்புகளைக் கெடுக்கக்கூடும் என்பது அப்போது கண்ட குறை. ஆக்கியோர் ஒரு வாரம் முன்னரே, இன்ன நாளில் இன்றியமையாத திருத்தம் வருகிறது, ஆயத்தமாயிருங்கள் என்று அறிவித்தனர். திருத்தத்தைக் கண்டு குறையைத் தீயோர் முந்தி ஊகிக்காதபடி தம் மூலநிரலின் பொதுப் பார்வையையும் தற்காலிகமாக மூடினர். அன்று ஆறப்போட்டவர்கள் திறந்த கதவை அறிந்தே திறந்துவைத்தவர்கள் ஆவர். (ஒரு சிறு கோடு இக்கட்டுரையில் இருமுறை இடர் விளைத்துவிட்டது; புணர்ச்சியில் ஓரொற்று மிக்குப் பொருள் திரிதலைக் கண்ட நமக்கு இது வியப்பன்று.)

விரைவு என்றது அன்றைக்கே என்பதன்று. 2024 நவம்பர் 14-இல் வந்த 17.1 முதலிய சிறுபதிப்புகளில் உள்ளமைப்பின் ஓர் உறுப்பு சிறிதளவு பருத்துவிட்டது. டைம்ஸ்கேல்டிபி போன்ற நீட்சிகளைப் பழைய அளவுக்குத் தைத்துப் பொருத்தியிருந்தோர் இடர்ப்பட, ஏழே நாளில், 21-ஆம் நாள், 17.2 வந்து அதனைச் சீர்செய்தது. அதே ஆண்டு ஜூலையில் மைஎஸ்கியூஎல் என்னும் வேறொரு தரவுத்தளத்தின் 8.0.38-ஆம் பதிப்பு வெளிவந்தது. பதினாயிரத்திற்கு மேற்பட்ட அட்டவணைகள் உள்ள சர்வர் அதனில் ஒருமுறை நின்றால் மீண்டும் எழவில்லை. அத்திங்களிலேயே அதனை மீட்டுக்கொண்டு 8.0.39-ஐ வெளியிட்டனர். 8.0 என்னுங் கிளை 2018-இல் தோன்றியது. ஆறாண்டு முதிர்ந்த கிளையிலும் இவ்வாறு நேர்ந்தது என்றால், முதுமை ஒன்றே காவலாகாது என்பது பெறப்படும். ஆகவே குறிப்பை அன்றே படித்தல், தன் சோதனை யந்திரத்தில் அன்றே ஏற்றல், ஓரிரு வாரங் கழித்து அலுவல் யந்திரத்தில் ஏற்றல் என்பது நடைமுறையிற் பொருந்தும். திறந்த கதவை அடைக்கும் திருத்தமாயின் அவ்வோரிரு வாரமும் மிகை.

பெரும்பதிப்பின் செய்தி வேறு. சுழியத்தில் முடியும் பதிப்பைத் தொடாதே, ஒன்றோ இரண்டோ வரட்டும் என்பது இத்தொழிலோர் வாய்மொழி. பொதுவாக நல்ல அறிவுரைதான். ஆனால் 14-ஆம் பெரும்பதிப்பின் கதையைக் கேளுங்கள். அது 2021 செப்டம்பர் 30-இல் வெளிவந்தது. அலுவலை நிறுத்தாமலே, எழுதுவோர் எழுதிக்கொண்டிருக்கையிலேயே, புதிய அடைவை ஆக்கும் முறை ஒன்று போஸ்ட்கிரெஸில் உண்டு. பதிவேட்டிற் பழைய வரிகளை நீக்கும் துப்புரவுப் பணியும் உண்டு. இவ்வடைவு ஆக்குவோனுக்காகத் துப்புரவாளன் காத்திருக்க வேண்டுவதில்லை என 14-இல் விரைவு கருதி விதித்தனர். விளைவு யாது? அடைவு ஆக்குவோன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்த வரியைத் துப்புரவாளன் அகற்ற, அதன் தொடர்பான புதிய வரி அடைவில் ஏறாமல் விடுபட்டது. யந்திரம் நிற்கவில்லை, எச்சரிக்கவில்லை, அடைவு முடிந்தது என்றே சொல்லிற்று. 14.1 வந்தது, 14.2 வந்தது, 14.3-உம் வந்தது. 2022 ஜூன் 16-இல், வழக்கமான தவணைக்குக் காத்திராமல் வெளியிட்ட 14.4-இலேதான் அது தீர்ந்தது. எட்டரை மாதம்! ஒன்றுக்கும் இரண்டுக்கும் காத்திருந்தவர் அனைவரும் அக்குழியின் விளிம்பிலேயே நின்றனர். அம்முறையைப் பயன்படுத்தாத அலுவலகமோ முதல் நாளே 14-ஐ ஏற்றிருந்தாலும் அப்பிழையாற் கெடுதியுற்றிராது.

ஆகவே பஞ்சாங்கம் பார்த்துக் காத்திருத்தல் மாத்திரம் போதாது. நம் அலுவல் எவ்வெவ் வசதிகளைப் பயன்படுத்துகிறது என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும். அன்றியும், எல்லாரும் பிறர் முந்திச் சோதிக்கட்டும் எனக் காத்திருப்பின் பிழையைக் காண்போர் யார்? பெரும்பதிப்புக்கு முன், பெரும்பாலும் மே மாதத்தில், முன்னோட்டப் பதிப்பொன்றை வெளியிடுகிறார்கள். அதனைத் தன் ஏட்டின் பிரதியில் ஓட்டிப் பார்த்துக் கண்டதை எழுதியனுப்புகிறவர் தமக்கும் உதவுகிறார், முகமறியாப் பிறர்க்கும் உதவுகிறார். விலையின்றிப் பெறுவோர் இச்சிறு கடனையேனும் செலுத்தல் தகும்.

சோதனை என்பது புதிய பதிப்பை ஏற்றி, திரையில் எழுத்துத் தோன்றுகிறதா எனப் பார்த்தல் அன்று. தன் ஏட்டின் முழுப் பிரதியை எடுத்து, தன் அலுவலர் வினவும் வினாக்களையே வினவி, விடை ஒத்ததா என்பதோடு எத்துணைப் பொழுதில் வந்தது என்பதையும் நோக்க வேண்டும். ஏனெனில் வினாவுக்கு எவ்வழியாகச் சென்று விடை தேடுவது என்று தரவுத்தளமே திட்டமிடுகிறது. பதிப்பு மாறினால் திட்டமும் மாறலாம். அத்திட்டத்திற்கு ஆதாரமான புள்ளிக் குறிப்புகள் ஏட்டை மாற்றும்போது உடன் வருவதில்லை என்பது நெடுங்காலக் குறை. பதிப்பை மாற்றியவர் அவற்றைப் புதிதாகத் திரட்ட மறந்தால், ஞாயிறு இரவு நன்கு முடிந்த வேலை திங்கட் காலை அலுவலர் கூட்டத்தின் முன்னே முடங்கிக் கிடக்கும். 2025 செப்டம்பர் 25-இல் வந்த 18-ஆம் பதிப்பிலேதான் பெரும்பாலான குறிப்புகள் உடன் செல்லுமாறு அமைத்தனர். இஃது ஒன்றே அப்பதிப்பை நாடுதற்குப் போதிய காரணம் என்பார் உளர். நான் அத்துணை விரைய மாட்டேன்.

இவை எல்லாவற்றினும் கடினமானது திரும்பும் வழி. வேதாகமத்தின் தமிழ்ப் பதிப்புகளை எண்ணிப் பாருங்கள். போவர் ஐயர் முதலானோர் திருத்திய பதிப்பு 1871-இல் வெளிவந்த பின்னும், லுத்தரன் சபையார் தாம் பழகிய பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பையே பல்லாண்டு வாசித்து வந்தனர். ஒரு சபை புதியதை ஏற்கவும், அடுத்த தெருவிலுள்ள சபை பழையதை வைத்துக்கொள்ளவும் தடையில்லை. ஏற்றவர் மனம் மாறினும் பழைய புத்தகம் பேழையில் அப்படியே இருக்கும். அலுவலகப் பதிவேட்டுக்கு இவ்வசதி இல்லை. புதிய பதிப்பிற் பிற்பகல் வரை நூறு வரி எழுதியபின் பிழை கண்டு பழையதற்குத் திரும்பினால், அந்நூறு வரியும் அதில் இரா. கோப்புகளைப் பிரதி செய்யாமல் இரு பதிப்புக்கும் பொதுவாக வைக்கும் விரைவு முறையைக் கையாண்டாலோ, புதிய சர்வர் ஒருமுறை தொடங்கியவுடன் பழையதைத் தொடுதலும் ஆபத்து. ஆதலால், எத்தனை மணிக்குள் எந்த அறிகுறி கண்டால் திரும்புவது, அதுவரை எழுதியதை எங்ஙனம் மீட்பது என்பவற்றை முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். புதியதில் எழுதுவதை எல்லாம் பழையதிலும் உடனுக்குடன் எழுதுவிக்கும் வழியும் உண்டு, உழைப்பு மிகுதி, ஆயினும் வங்கி போன்ற இடங்களில் அவ்வுழைப்பு வீணன்று.

இத்துணை இடர் கேட்டவர், ஆயின் பழையதிலேயே இருந்துவிடுவோம் எனலாம். அதற்கும் எல்லை உண்டு. போஸ்ட்கிரெஸ் 13-க்குத் திருத்தம் வழங்குதல் 2025 நவம்பரோடு முடிந்தது, மைஎஸ்கியூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரோடு. அதன்பின் காணும் ஓட்டைகளை அடைப்பாரில்லை. காத்திருந்தவன் பின்பு ஓர் இரவில் ஐந்தாறு பதிப்புகளைத் தாண்டிக் குதிக்க நேரும். அப்போது எது எதனாற் கெட்டது என்று அறிதல் அரிது. மென்பொருள் ஆக்குவோர் தம் நிரல்களை வைத்துப் பேணும் கிட்லேப் என்னும் நிறுவனத்தார் 2020 மே மாதத்தில் 9.6-ஐ விட்டு 11-க்கு மாறினர். அப்போது 12 வெளிவந்து ஏழு மாதமாகியிருந்தும் 11-ஐயே தேர்ந்தனர், 9.6-க்குரிய தவணை முடிய ஒன்றரை ஆண்டு இருக்கும்போதே மாறினர். முன்னரே ஒத்திகை பார்த்து, பயன்படுத்துவோர்க்கு நேரங் குறித்து அறிவித்தே மாறினர். கெடு நெருக்கிப் பிடிக்குமுன், தாம் தேர்ந்த நாளில் தாமே மாறிய செயல் அது.

என் மாமாவின் அலுவலகமும் சென்ற ஆண்டு அக்டோபரில், 2025-இல், 13-ஐ விட்டு நீங்கிற்று. நாள் தேர்ந்தது அவரே. மாதத் தொடக்கத்தில் உதவி வழங்குங் கூட்டம் இருக்கும். இறுதியிற் கணக்கு முடிப்பு இருக்கும். ஆகவே நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை. அதற்குமுன் பிரதியில் மும்முறை ஒத்திகை நடந்தது. மூன்றாம் ஒத்திகையில், கோடு உள்ள கதவிலக்கங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் தேடிப் பார்க்குமாறு அவர் பணித்தார். அவ்வேலையை விடுமுறைக்குச் சென்றிருந்த என் தலையிற் கட்டினார்கள். நானும் ஒரு பகல் முழுதும் இருந்து பார்த்து முடித்தேன். எல்லாம் கிடைத்தன.

அவர்கள் சென்றது 17-க்கு. அப்போது 18 வெளிவந்து மூன்று வாரமாகியிருந்தது. "புதியது கையில் இருக்க ஏன் மாமா முந்தியது?" என்று கேட்டேன். அவர் அறையின் மூலையில் தூசு படிந்த ஒரு பழைய கணினியைக் காட்டினார். "18 அதில் ஓடுகிறது, மருமகனே. முந்தைய இரவு எடுத்த பிரதியை நாள்தோறும் காலையில் அதில் ஏற்றுகிறோம். உன் கதவிலக்கப் பட்டியலையும் அதற்குக் கொடுத்துவிட்டேன், இரவில் அது தானே தேடிப் பார்த்து, கிடையாததை எழுதிவைக்கும்" என்றார். முதியவளின் இரண்டு பதிவுகளில் எதனை நீக்கினீர்கள் என்று கேட்டேன். இரண்டாவதை நீக்கினார்களாம், முதலாவதிற் பதிந்த நாள் 2016 என்று இருந்ததாம்.